அண்ணனின் ஜீப்புக்கு நான் கூட்டிய சத்தம்

முதல் தடவை அண்ணன் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சைலன்சர் உள்ள இருக்குறத எல்லாம் எடுத்துருடா. வெளிய பாத்தா தெரியக் கூடாது. சத்தம் மட்டும் வரணும். நல்லா வரணும்.”

“என்னண்ணே, ரேஸுக்குப் போறீங்களா?”

“ஆமா, குதிரைக்குப் பதிலா நானே ஓடப் போறேன். செய்வியா மாட்டியா?”

அப்போது நான் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால், ஃபேரர் பார்க் திடலுக்குப் போகிற சந்தில், ஒரு சீனரின் பட்டறையில் வெல்டராக இருந்தேன். இருபத்து நான்கு வயது. தகரக் கூரை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வெயில் அடித்தால் பேசவே தோன்றாது. வருகிற வண்டிகளில் பாதி புகைக்குழாய் ஓட்டையாகி, இருமிக்கொண்டு வருபவை. இந்த ஊரின் உப்புக் காற்றும் ஓயாத மழையும் இரும்பை அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும். ஓட்டையை அடைப்பேன், சத்தம் நிற்கும், அடுத்த வண்டி. சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லி வந்தவர்கள் மோட்டார்சைக்கிள் வைத்திருந்த சில பணக்கார வீட்டுப் பையன்கள்தான். அண்ணன் அந்த வகையில் சேராதவர். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், முன்னந்தலையில் முடி இல்லை. ஓட்டியது பட்டாளத்தார் கழித்து விற்ற பழைய ஜீப். அதுவும் அவருடையதல்ல, புக்கிட் பாஞ்சாங் பக்கம் இருந்த கல்குவாரியுடையது.

அந்தக் குவாரியில்தான் அவர் முதலில் பதினோரு வருடம் கல் அரைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றார். மலையிலிருந்து வெடித்தெடுத்த பாறைகளை அதன் வாயில் தள்ள வேண்டும். அது மென்று மென்று ஜல்லியாகத் துப்பும். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை மெல்லும். பக்கத்தில் நிற்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பஞ்சு என்ன செய்யும்? பிறகு ஓட்டுநர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட, அண்ணனுக்கு அந்த ஜீப் வந்தது. ஜீப்போடு ஒரு வீடும் வந்தது. குவாரி ஆட்கள் நீளக் கொட்டகையில் வரிசையாகக் குடியிருந்தார்கள். டிரைவருக்கு மட்டும் தனி வீடு, சிமெண்டுத் தரை, வாசலிலேயே தண்ணீர்க் குழாய். அண்ணி அந்தக் குழாயை முதல் நாள் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு வந்த சமயத்தில் அண்ணனின் இடது காது ஏறக்குறையப் போயிருந்தது. வலது காது கொஞ்சம் பாக்கி இருந்தது.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரியும். குவாரியில் யாருக்கும் தெரியாது என்று நம்பினோம். அண்ணி அதை ஒரு குடும்ப வேலையாகவே நடத்தினார். அண்ணனோடு பேச வேண்டுமென்றால் வலது பக்கம் போய் முழங்கையைத் தொட வேண்டும், பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கியிருந்தார். அண்ணன் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: நிறுத்தாமல் பேசினார். சிறு வயதில் அதிகம் பேசாத மனிதர், இப்போது ஜீப்பில் ஏறுகிறவரிடம் மழை, மாடு, தேர்தல், தேக்கா சந்தையில் மீன் விற்கிற நிலவரம் என்று கொட்டித் தீர்ப்பார். ஓயாமல் பேசுகிறவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி வராவிட்டால் பதில் தப்பாது. வெடி வைக்கும் முன்னால் குவாரியில் சங்கு ஊதும். அதுவும் அவருக்குக் கேட்காது. ஆனால் சங்கு ஊதியதும் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மைனாக்கள் எழுந்து போகும். அவர் மைனாக்களைப் பார்த்து வண்டியை ஒதுக்குவார்.

மனிதர்களை இப்படிச் சமாளித்தார். ஜீப்பைச் சமாளிக்க முடியவில்லை. அந்தக் காலத்து ஜீப்பில் மேட்டில் ஏறும்போது கீழ்க் கியருக்கு மாற்றுவது லேசான காரியமில்லை. கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், நடுவில் இஞ்சினை அளவாக முடுக்க வேண்டும். அந்த அளவைச் சொல்வது காதுதான். கொஞ்சம் பிசகினாலும் உள்ளே பல்லோடு பல் உரசி நறநறவென்று அலறும். குவாரிப் பாதை முழுக்க மேடு. அண்ணனின் ஜீப் ஒரு நாளைக்கு எத்தனை முறை அலறியது என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வருகிற கிராணிக்குத் தெரியும்.

கிராணி என்றால் குவாரி அலுவலகத்தின் தலைமை எழுத்தர். தமிழர், கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற அதே மொடமொடப்போடு வார நாளிலும் சட்டை போடுகிறவர். ஜீப் அவருக்காகத்தான். கட்டுமான இடங்களுக்கும் துறைமுகத்துக்கும் கிளமெண்டி சாலைப் பக்கமும் தினமும் போய்வர வேண்டும். “டிரைவர், கியர் போடுறியா, கருவாடு கடிக்கிறியா?” என்று அவர் கேட்டதை அண்ணனே வந்து சொன்னார். அதைச் சொன்ன அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் கை, கால்சட்டையின் தையலைப் பிடித்து நிமிண்டிக்கொண்டிருந்தது.

“இஞ்சின் எனக்குக் கேட்டாப் போதும்டா. வேற ஒண்ணும் கேக்க வேணாம்.”

அப்படித்தான் அந்த முதல் வேலை. சைலன்சர் பெட்டியின் பின்மூடியை ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே துளைத்த குழாய்களும் தடுப்புத் தகடுகளும் கரி பூசி, கறுத்த நுரையீரல் போல இருந்தன. எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டு மூடியைத் திரும்பப் பற்றவைத்துக் கரி பூசினேன். குனிந்து பார்த்தாலும் பழைய சைலன்சர்தான். ஸ்டார்ட் செய்தபோது சந்து முழுக்க அதிர்ந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வெளியே வந்து எங்கள் மூன்று தலைமுறையையும் திட்டினாள். அண்ணன் ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். மூன்றிலிருந்து இரண்டு. இரண்டிலிருந்து ஒன்று. ஒரு நறநறப்பும் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது கியர்.

இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண் கலங்கியிருந்தது. “பொழச்சேன்டா” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் அறுத்திருப்பேன்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை அண்ணியும் கூட வந்திருந்தார், தேக்காவில் காய்கறி வாங்க.

“சத்தம் கொறஞ்சிருச்சுடா. பெட்டிக்குள்ள ஏதோ அடைச்சிக்கிச்சு போல.”

ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்தேன். ஒன்றும் அடைக்கவில்லை. ஸ்டார்ட் செய்தேன். சந்து முன்பைப் போலவே அதிர்ந்தது. கிழவி முன்பைப் போலவே வெளியே வந்தாள். என் முதலாளி, வாயில் சுருட்டோடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மலாயும் தமிழும் கலந்த தன் பேச்சில் மெதுவாகச் சொன்னார்: “குழாய் ரொசாக் இல்ல. உங்க அபாங் காது ரொசாக் லா.”

குழாய் கெடவில்லை, உன் அண்ணனின் காதுதான் கெட்டுவிட்டது. எட்டுச் சொல்லில் முடித்துவிட்டுச் சாம்பலைத் தட்டினார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஜீப்பின் அடியில் படுத்திருந்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்தவர் வாயில் வரும்வரை தெரியாததுபோல இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். அந்த இரைச்சலைத் தினமும் எட்டு மணி நேரம் காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஓட்டினால், மிச்சமிருக்கிற காது என்ன ஆகும்? நான் வெல்டர். இரும்பு எத்தனை சூட்டில் இளகும் என்று தெரிந்தவன். இது தெரியாதா?

அண்ணி என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கையில் கத்திரிக்காய்ப் பை.

“தம்பி, இனிமே கூட்டாதீங்க. அந்தச் சத்தம் அவரு காத தின்னுது. ராத்திரி படுத்தா தலைக்குள்ள வண்டி ஓடுதுங்கிறாரு. புள்ள அழுதா முன்னல்லாம் திரும்பிப் பாப்பாரு. இப்ப பாக்குறதில்ல.”

“கூட்டலேன்னா கியர் போட முடியாதே அண்ணி. கிராணி வேலைய விட்டுத் தூக்கிட்டா?”

“எதையாச்சும் சொல்லுங்க. குழாயே கெடைக்கலன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு.”

நான் தலையாட்டினேன். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஜீப்பின் சக்கரத்துக்கு மேல் சாய்ந்துகொண்டு எங்கள் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னால் மருத்துவமனை வராந்தாக்களில்தான் கண்டிருந்தேன்; உள்ளே டாக்டர் என்ன சொல்கிறார் என்று கண்ணாடி வழியே பார்க்கிறவர்களின் பார்வை.

குழாய் கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறைச் சுவர் முழுக்கக் குழாய் சாய்த்து வைத்திருந்தது.

சைலன்சர் பெட்டியையே கழற்றி எறிந்தேன். பெரிய குழாயாக ஒன்று எடுத்து நேராகப் பற்றவைத்தேன். வாய் பின்னால் இருந்தால் சத்தம் பின்னால் போய்விடும் என்று, குழாயை வளைத்து டிரைவர் உட்காரும் பக்கம், கதவுக்குக் கீழே, அவருடைய வலது காதுக்கு நேர் கீழே கொண்டுவந்து திறந்துவிட்டேன். கேட்கிற காது அந்தப் பக்கம்தானே. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வளைவு எவ்வளவு அழகாக வந்தது என்று கையால் தடவிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. வேண்டாத விஷயத்திலும் கை தன் திறமையைக் காட்டிக்கொள்ளத்தான் பார்க்கிறது.

அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு புக்கிட் பாஞ்சாங் வரை போனேன். புக்கிட் தீமா சாலையில் பின்னால் ஒரு மர லாரி வழி கேட்டு ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே வந்தது. நான் முழங்கையைத் தொடப் போகிறேன், அதற்குள் லாரி பள்ளத்து ஓரமாக உரசிக்கொண்டு முந்தியது. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, மலாயில் இருக்கிற கெட்ட வார்த்தைகளில் பாதியைச் சொன்னான். அண்ணன் நல்ல மரியாதையாகக் கையை உயர்த்தி அவனுக்கு வணக்கம் வைத்தார்.

“தெரிஞ்சவன் போல” என்றார் என்னிடம்.

பின்னால் உட்கார்ந்திருந்த சின்னவள் கலகலவென்று சிரித்தாள். அண்ணி அவள் தொடையில் கிள்ளினார். வண்டிக்குள் புகை நாற்றம் அடித்தது. குழாயின் வாய் கதவுக்குக் கீழே இருந்ததால் பாதிப் புகை உள்ளேதான் வந்தது. குவாரிக்குப் போகும் பாதையில் பிள்ளைகள் சிலர் வட்டமாக உட்கார்ந்து கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பின் இரைச்சலைக் கேட்டு, வளைவு திரும்பும் முன்பே எழுந்து ஓடிவிட்டார்கள். அந்தச் சத்தத்தால் ஒரு நன்மையாவது இருக்கிறது என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்று யோசித்தால் உடம்பு கூசுகிறது. ஓடாத பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அது கத்தியது யாருக்குக் கேட்டிருக்கும்?

மூன்றாவது தடவை வந்தது வருடக் கடைசி மழையில். பிற்பகல். அண்ணன் தனியாக வந்தார். வழக்கமாக வாசலிலேயே தொடங்கிவிடும் பேச்சு அன்றைக்கு இல்லை.

“இன்னும் கொஞ்சம்டா” என்றார். ரொம்பச் சத்தமாகச் சொன்னார். தன் குரலின் அளவும் அவர் கையை விட்டுப் போயிருந்தது.

இன்னும் கொஞ்சம் என்றால் இனி அறுக்க ஒன்றுமில்லை. இருந்தது குழாய் மட்டும்தான். அதையும் இஞ்சினிலிருந்து கழற்றினால் நெருப்பு நேராக வெளியே வரும். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் கும்பிட்டார். பன்னிரண்டு வயது மூத்தவர், என்னைத் தோளில் தூக்கித் தைப்பூசக் கூட்டத்தில் காவடி காட்டியவர், எண்ணெய்த் தரையில் நின்றுகொண்டு என்னைக் கும்பிட்டார். முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான்கு போல்ட். கழற்றினேன். குழாய் தரையில் விழுந்து உருண்டது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். பானெட்டைத் திறந்து வைத்திருந்ததால் நான் முன்னால் நின்றபடியே ஸ்டார்ட்டரை இயக்கினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தித் தகரக் கூரைக்குள் சுட்டதுபோல. கூரையிலிருந்து துரு உதிர்ந்தது. மழைச் சத்தம் இருந்த இடம் தெரியவில்லை. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். வெளியே கிழவி வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது, குரல் வரவில்லை.

அண்ணன் பானெட்டின் ஓரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காத்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார். அவர் உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

“ஸ்டார்ட் பண்ணுடா.”

நான் அவரிடம் போய் அவருடைய வலது கையை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த ஸ்டியரிங்கின் மேல் அழுத்தி வைத்தேன். அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். நான் இஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியதையும் கைதான் அவருக்குச் சொன்னது.

மழை கூரையில் திரும்ப வந்தது. எனக்கு மட்டும்.

பழைய குழாயையே திரும்பப் பூட்டினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தார். கடைசி வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

“கிராணிகிட்ட நீயே சொல்லிடு. நா சொன்னா அவரு என்ன பதில் சொல்றாருன்னு எனக்குத் தெரியாது.”

ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் அவர், வெளியே பார்த்தபடி. அலுவலகம் ஒரு பலகை வீடு. கிராணி மேசையில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. அண்ணனுக்குக் காது கேட்கவில்லை, ரொம்ப நாளாக, இப்போது முழுசாகப் போய்விட்டது, நான்தான் சத்தத்தைக் கூட்டினேன் என்றேன்.

கிராணி பேனாவை மூடினார்.

“உக்காரு தம்பி. உங்கண்ணனுக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

நான் நாற்காலி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு வருசமா நான்தான்யா அவனுக்கு ரோடு பாக்குறேன். லாரி வந்தா முட்டியத் தட்டுவேன். லெஃப்டுன்னா இடது கை, ரைட்டுன்னா வலது கை. அவனும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. கருவாடு கடிக்கிறான்னு கிண்டல் பண்ணுவேன், அதோட சரி. ரெண்டு பொட்டப் புள்ள இருக்கு, வீடு இருக்கு. போற வரைக்கும் போகட்டும்னு இருந்தேன்.” ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். “இப்ப நீ ஆபீஸுக்குள்ள வந்து, என் மேசைக்கு முன்னால நின்னு சொல்லிட்ட. வெளிய பியூன் கேட்டுட்டு இருக்கான். நாளைக்கு ஒரு புள்ள அடிபட்டா, கிராணிக்குத் தெரியும்னு ஆயிடும். இல்லையா?”

“சார், நான் சொல்லலன்னே வச்சுக்குங்க.”

“எப்படி வச்சுக்கிறது?”

பேனாவை மறுபடி திறந்தார். டிரைவர் வேலை முடியாது என்றார். வேலையை விட்டு நீக்க மாட்டேன், பழைய இயந்திரத்துக்கே போகட்டும், அங்கே காது இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வெளியே வந்தேன். அண்ணன் ஜீப்பை விட்டு இறங்கி மழையில் நின்றுகொண்டிருந்தார். என் வாயைப் பார்த்தார். நான் கையை நீட்டி, மலைச் சரிவில் வெள்ளைத் தூசி பூத்துக் கிடந்த கல் அரைக்கும் கொட்டகையைக் காட்டினேன். அவர் அந்தத் திசையில் பார்த்தார். பிறகு சாவியை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே போய்க் கிராணியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

மாதக் கடைசியில் சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். கொட்டகை வரிசையில் கடைசி அறை கொடுத்திருந்தார்கள். தண்ணீருக்கு எல்லாரும் ஒரே குழாயில் நிற்க வேண்டும். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். கிராணி ஒரு வருடமாகத் தெரிந்துதான் வைத்திருந்தார் என்பதைக் குவாரிப் பெண்கள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சாக்கின் வாயை இறுக்கிக் கட்டியபடியே கேட்டார்:

“அன்னிக்குத் தொட்டிக்குப் பக்கத்துல நா சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல, தம்பி?”

“கேட்டுச்சு அண்ணி.”

“நல்லாக் கேட்டுச்சா?”

“நல்லாக் கேட்டுச்சு.”

நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டேன். இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. கொட்டகை வரை கையை மாற்றாமல் கொண்டுபோய் வைத்தேன்.